வாசலில் மிஷின், புறவாசலில் அம்மா

“சத்தம் ஒங்க வீட்டு வரைக்கும் கேக்குதாக்கும் மதினி? கேக்கத்தான் செய்யும். வேற யாரு, எம் பேத்திதான். காலேசு லீவுக்கு வந்த புள்ள வத்தல் போட ஒத்தாசையா இருப்பான்னு பாத்தா, கத்தி செய்யிறதுக்கு மிஷின் செய்யிறா. மொதல்ல மிஷின் செய்யணுமாம், பெறகுதான் கத்தியாம். போனுல எவனோ வெள்ளக்காரன் செஞ்சு காட்டுறான். மோட்டார் ஒண்ணு, உருளை ரெண்டு, அதச் சுத்தி உப்புத்தாள் பெல்ட்டு. என்னட்டின்னு கேட்டா, ‘ஒனக்கு இதெல்லாம் புரியாது ஆச்சி’ங்கிறா. எனக்கா புரியாது? ஒக்காருங்க மதினி, அந்தப் பலகைய இழுத்துப் போட்டுக்கோங்க. சோறு வடிச்சிட்டீகள்ல? அப்பறம் என்ன.”

பேத்தி அந்த மிஷினைப் போனில் பார்த்தாள். நான் எங்கள் வீட்டு வாசலிலேயே பார்த்தவள். எனக்கு அப்போது முன்பல் இரண்டும் விழுந்து, சிரிப்பு வந்தால் கையால் வாயை மூடிக்கொள்கிற வயது. பள்ளிக்கூடத்தை வெளியே நின்று பார்த்ததோடு சரி. ஆடு இரண்டு இருந்தது, அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா? சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில் எங்கள் ஊர். ஊர் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு டீக்கடை, ஒரு புளியமரம், மரத்தடியில் வந்து நிற்கிற கம்பெனி வேன், அவ்வளவுதான்.

அய்யாவுக்குச் சிவகாசியில் ஓர் அச்சாபீஸில் பிட்டர் வேலை. விடியுமுன் போய் மத்தியானம் கழிந்து வந்துவிடுவார். அம்மாவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிற வேலை. அம்மா சாயங்கால வேனில் வந்து இறங்குவதைப் பார்க்க வேண்டுமே! முழங்கை வரைக்கும் வெள்ளி. புருவம் வெள்ளி. காது மடலுக்குப் பின்னால்கூட வெள்ளி மினுங்கும். மற்ற பிள்ளைகளின் அம்மாக்களுக்கு வளையல்தான் இருந்தது, என் அம்மாவுக்குக் கையே வெள்ளியில் இருந்தது. குளித்துவிட்டு வரும்வரை என்னைத் தொடவிட மாட்டாள். வெள்ளி என் மேல் ஒட்டிவிட்டால் குறைந்துவிடும் என்று நினைக்கிறாள் போல, கஞ்சத்தனம், என்றுதான் நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

வேன் வந்ததும் அய்யா தெருவில் இறங்கிப் போய் அம்மா கையிலிருந்து தூக்குவாளியை வாங்குவார்.

“லோடு ஏறிருச்சா?”

“ஏறிருச்சு.”

அவர்கள் இரண்டு பேரும் பேசி நான் கேட்டது இவ்வளவுதான். அப்போதெல்லாம் புருஷனும் பெண்டாட்டியும் பிள்ளைகள் முன்னால் வேறென்ன பேசினார்கள்? சோறு போடவா, போடு. அதற்கு மேல் பேசினால் வெட்கம். அதனால் அந்தத் தூக்குவாளி கைமாறுகிற நேரத்துக்காக நான் தினமும் காத்திருப்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் அய்யாவுக்குக் கத்திப் பைத்தியம் பிடித்தது. அச்சாபீஸில் காகிதம் வெட்டுகிற மிஷினின் தேய்ந்த பிளேடைக் கழித்துப் போடுவார்கள். நல்ல உருக்கு. அதில் ஒரு துண்டை வாங்கிவந்து, அரத்தால் ராவி ராவி ஒரு கத்தி செய்தார். அதைச் சிவகாசிக் கறிக்கடைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, “இதே மாரி எம்புட்டு செஞ்சாலும் எடுத்துக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டார். அரத்தால் ராவினால் கத்தி முடிவதற்குள் கை முடிந்துவிடும். அச்சாபீஸ் ஓனர் வைத்திருந்த ஏதோ சீமைப் புத்தகத்தில் அய்யா பெல்ட் ஓடுகிற சாணை மிஷின் படம் ஒன்றைப் பார்த்திருக்கிறார். எழுத்து ஒன்றும் புரியவில்லை, படம் புரிந்துவிட்டது.

காயலான் கடையிலிருந்து எரிந்துபோன மோட்டார் வந்தது. கம்பி புதிதாகச் சுற்றி அதற்கு உயிர் வந்தது. அச்சாபீஸில் மை தடவுகிற ரப்பர் உருளை ஒன்று கிழிந்து கிடந்ததை அறுத்து உருளைகள் ஆயின. எல்லாம் ஒரு பழைய கட்டில் சட்டத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது. பெல்ட்டை இழுத்துப் பிடிக்க ஸ்பிரிங் வேண்டுமே, அது அத்தை வீட்டு சைக்கிள் சீட்டுக்கு அடியிலிருந்து வந்தது. அத்தை என்றால் அய்யாவின் அக்கா, அடுத்த சுவர் அவள் வீடு. வாய் என்றால் வாய், அப்படி ஒரு வாய்.

“ஏலே தம்பி, ஊருல ஒவ்வொருத்தன் சைக்கிள் சக்கரத்த மிதிச்சே சாணை புடிச்சிட்டுப் போறான். நீ என்னலே, கட்டிலுக்கு மேல ரயிலு வுடுற?”

“ஒரு மாசம் பொறுக்கா. பெறகு பேசு.”

“ஒரு மாசம் பேசாம நா இருக்கவா? அதுக்கு எங்கழுத்த அறுக்க ஒரு கத்தி செய்யி.”

முதல் நாள் மிஷினை ஓட்டியபோது பெல்ட் உருளையில் இரண்டு சுற்றுகூட நிற்கவில்லை. நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்குப் போய், விருட்டென்று கழன்று பறந்து, சுவர் மேல் நின்ற அத்தையின் சேவல் கழுத்தில் மாலையாக விழுந்தது. நான் சிரித்த சிரிப்பில் ஆடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடின.

“எஞ் சேவலுக்குக் கல்யாணமாலே? பொண்ணு எந்த ஊரு?” என்று அத்தை கேட்டாள்.

அய்யா சிரிக்கவில்லை. உருளையைக் கழற்றி, சைக்கிள் டியூபை மெல்லிய பட்டையாக வெட்டி, நடுவில் மட்டும் சுற்றி ஒட்டினார். பார்த்தால் தெரியாது, விரலால் தடவினால் நடுவில் லேசாக ஒரு மேடு. “பெல்ட்டுக்கு மேட்டுல ஏறி ஓடத்தான் ஆச. மேடு நடுவுல இருந்தா நடுவுலயே கெடக்கும்” என்றார். மேல் உருளையைச் சாய்க்க ஒரு திருகு வைத்தார். அதைக் கொஞ்சமாகத் திருகினால் பெல்ட் இந்தப் பக்கம் வரும், திருப்பித் திருகினால் அந்தப் பக்கம் போகும். ஆட்டைக் கயிற்றில் பிடித்து நடத்துகிற மாதிரிதான். எனக்கு அது உடனே விளங்கிவிட்டது.

அன்றைக்குத்தான் முதலில் பொறி பறந்தது. அய்யா உருக்கைப் பெல்ட்டில் வைத்ததும், அம்மாடி, கம்பி மத்தாப்பு என்ன, பூச்சட்டி என்ன, எல்லாம் பிச்சை வாங்க வேண்டும். தீபாவளிக்கு ஊர் உலகத்துக்கெல்லாம் வெடி அனுப்புகிற ஊரில் எங்கள் வீட்டுக்கு வருவது நமுத்துப்போன ரெண்டு பொட்டலம்தான். இப்போது எங்கள் வாசலிலேயே தினமும் தீபாவளி. நான் கையைத் தட்டிக்கொண்டு குதித்தேன்.

அன்று சாயங்காலம் அம்மா வேனிலிருந்து இறங்கினாள். வாசலில் இருந்த மிஷினைப் பார்த்தாள். அதைச் சுற்றிக் கரிக்கரியாகக் கிடந்த தூளைப் பார்த்தாள். தெருவிலேயே நின்றுவிட்டாள். அய்யா எழுந்து போனார், ஆனால் பக்கத்தில் போகவில்லை. இரண்டு பேரும் தள்ளித் தள்ளி நின்று மெதுவாக என்னவோ பேசிக்கொண்டார்கள், எனக்குக் கேட்கவில்லை. தூக்குவாளி கைமாறவில்லை. அம்மா திரும்பி, ஆட்டுக்கொட்டம் பக்கமாகச் சுற்றிக்கொண்டு புறவாசல் வழியாகப் போய்விட்டாள்.

மறுநாளும் புறவாசல். அதற்கு மறுநாளும் புறவாசல். அய்யாவும் மாறிப்போனார். புளியமரத்தடியில் வேன் ஆரன் அடித்தால் போதும், மிஷினை நிறுத்துவார், வாசலெல்லாம் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார், துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கக் கிணற்றுப் பக்கம் போய்விடுவார். அம்மா வரும்போது அய்யா இல்லை, அய்யா வரும்போது அம்மா அடுப்படியில். தீபாவளி சீசன் ஆனதால் ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனி உண்டு. இதைப் பார்த்தால் ஒரு பிள்ளைக்கு என்ன தோன்றும், நீங்களே சொல்லுங்கள். சண்டை. முகத்தில் விழிக்கப் பிடிக்காத சண்டை.

எனக்குப் பயம் வருவதற்குக் காரணம் இருந்தது. எதிர்வீட்டுக்காரி அந்தச் சித்திரையில்தான் புருஷனோடு பேசாமல் இருந்து, பேசாமலே இருந்து, ஒரு நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனவள். திரும்பவில்லை. என் அம்மாவுக்கும் காரியாபட்டியில் அண்ணன் இருந்தார்.

அத்தையிடம் போய்ச் சொன்னேன். அவள் வாய்தான் தெரியுமே.

“ஆமாட்டி, ஒங்கம்மா காரியாபட்டிக்கு மூட்ட கட்டிக்கிட்டு இருக்கா. இனிமே ஒனக்கு ஆத்தாளும் நாந்தேன், அத்தையும் நாந்தேன். இங்கன வா, காலப் புடிச்சு வுடு.”

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். நான் வீட்டுக்கு ஓடி அம்மாவின் தகரப்பெட்டியைத் திறந்து, சேலைகள் எல்லாம் இருக்கின்றனவா என்று தடவிப் பார்த்தேன். அதன் பிறகு தினமும் பார்ப்பேன்.

ஒன்று சொல்ல வேண்டும். மிஷின் என்ன செய்தது என்று அம்மா தினமும் என்னிடம் கேட்பாள். குளித்து முடித்து, தலையைத் துவட்டிக்கொண்டே கேட்பாள். பெல்ட் இப்போது கழன்று ஓடுவதில்லை, ஆனால் ஒட்டின இடம் வரும்போதெல்லாம் டக்கு டக்கு என்று கத்தி துள்ளுகிறது, அதனால் கத்தியில் படிப்படியாக விழுகிறது, அய்யா யாரையோ வைகிறார் என்றேன். அம்மா அறுந்துபோன பெல்ட் ஒன்றை எடுத்துவரச் சொன்னாள். ஒட்டின இடத்தை நகத்தால் நிமிண்டிப் பார்த்தாள்.

“வாய நேரா வெட்டி ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டிருக்காக. எங்க கம்பெனில பட்டாசுக் குழாய்க்குத் தாள் உருட்டும்போது இப்பிடியா ஒட்டுறோம்? சாய்ச்சு வெட்டி, ஓரத்துல உப்புத்தாள் மண்ணத் தேச்சு எடுத்துட்டு, மெலிசா ஒட்டணும். சுத்துற தெசைக்கு எதுத்தாப்புல வாய வைக்கப்படாது, கெளம்பிரும். போயி ஒங்கய்யாகிட்டச் சொல்லு.”

போய்ச் சொன்னேன். அய்யா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். சிரித்தார். மறுநாள் சாய்வாக வெட்டி, மெல்லிய துணியை அடியில் கொடுத்து, வச்சிரப் பசையால் ஒட்டினார். டக்கு டக்கு போயே போய்விட்டது. பெல்ட் உஸ்ஸென்று ஓடியது. எனக்கென்றால் அழுகை வந்தது. பக்கத்து அறையில் இருக்கிற மனுஷரிடம் சொல்ல இவளுக்கு ஆள் அனுப்ப வேண்டியிருக்கிறதே என்று.

பிறகு ஒரு நாள் அய்யா அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “இது மட்டும் நல்லா செட்டாயிட்டா, தீவாளியோட அவள அந்த மருந்துக்குள்ள அனுப்ப வேண்டாம்க்கா. வீட்டுல இருந்துக்கிடட்டும்.” என் காதிலும் விழுந்தது. எனக்கு அது ஒரு பேச்சாகவே படவில்லை. அம்மா வேலைக்குப் போகாவிட்டால் வெள்ளிக் கைக்கு நான் எங்கே போவது?

மிஷின் கொஞ்சம் கொஞ்சமாக அய்யாவின் கைக்குப் படிந்துவந்தது. உருக்கு ரொம்பச் சூடானால் நீலம் பாரிக்கும், நீலம் பாரித்தால் அந்தக் கத்தி கூர் நிற்காது. அதனால் பக்கத்திலேயே ஒரு பெரிய தொட்டியில் தண்ணீர். ஒரு இழுப்பு இழுத்தால் ஒரு முக்கு. முக்கின கத்தியைத் துணியால் ஒற்றிவிட்டுத்தான் மறுபடி பெல்ட்டில் வைப்பார். வச்சிரப் பசைக்குத் தண்ணீர் ஆகாது. மோட்டாருக்கு ஆகவே ஆகாது. மோட்டார் மேல் ஒரு சொட்டு விழுந்தாலும் பதறித் துடைப்பார். என் மூக்கை அப்படி ஒரு நாளும் துடைத்துவிட்டதில்லை.

கறிக்கடைக்காரருக்கு முதல் ஆர்டர் முடிகிற சமயம். அன்று மத்தியானமே மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. இடி மின்னல் என்றால் கம்பெனியில் மருந்து வேலையை நிறுத்தி ஆட்களை அனுப்பிவிடுவார்கள், ஒங்களுக்குத் தெரியாததா. வழக்கமான வேன் வேறெங்கோ போயிருந்ததால், கிடைத்த லோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ஆரன் ஒன்றும் கிடையாது. நான் ஆடுகளை ஓட்டிக்கொண்டு புளியமரத்தடிக்கு வந்தால், அம்மா முக்காடு போட்டுக்கொண்டு நிற்கிறாள்.

“அய்யா மிஷின் ஓட்டுறாகளா?”

காதைக் கொடுத்துக் கேட்டாள். சத்தம் இல்லை. அய்யா அப்போது பழைய பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் புதிதை மாட்டிக்கொண்டிருந்திருக்கிறார், அது எங்களுக்கு எப்படித் தெரியும்?

“ஓடலம்மா. முன்னாடியே வாங்கம்மா. மழ வருது. முன்னாடியே வாங்க” என்று நான் அவள் தூக்குவாளியைப் பிடித்து இழுத்தேன். தூறல் விழ ஆரம்பித்திருந்தது. அம்மா வானத்தைப் பார்த்தாள், வீட்டுப் பக்கம் பார்த்தாள், சரி என்று வந்தாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இன்றைக்கு இரண்டு பேரும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள்!

தெரு திரும்பினோம். மிஷின் உஸ்ஸென்றது. அய்யா எங்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருந்தார். பொறி கொட்டுகிறது. காற்று என்றால் அப்படி ஒரு காற்று, பொறியை அப்படியே வாரி எங்கள் பக்கம் வீசுகிறது. நான், “அய்யா! அம்மா வந்துட்டாக!” என்று கத்தினேன்.

அய்யா திரும்பினார். அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. கத்தியைத் தூக்கி எறிந்தார். பொறி நின்றது, ஆனால் மிஷினுக்கு அடியில் குமிந்துகிடந்த தூள் காற்றில் கணகணவென்று சிவந்து கிளம்புகிறது. தொட்டியை இரண்டு கையாலும் தூக்கினார். அத்தனை தண்ணீரையும் மிஷின் மேல், மோட்டார் மேல், தூள் மேல், ஒரே வீச்சில் கொட்டினார். டப்பென்று ஒரு சத்தம். புகை. தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கு அணைந்தது.

“பின்னால போ புள்ள! போ! போன்னு சொல்றம்ல!”

அம்மா தூக்குவாளியைப் போட்டுவிட்டு ஓடினாள். சுவருக்கு மேல் அத்தையின் தலை முளைத்தது. “ஏலே, கரண்ட என்னலே பண்ணுன?” என்றவள், ஓடுகிற அம்மாவையும் புகைகிற மோட்டாரையும் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அப்பிடிப் பாக்காதீங்க மதினி. எங்கம்மாவுக்கு ஒண்ணும் ஆகல. எம் பேத்தியத் தூக்கி வளத்துட்டுத்தான் போய்ச் சேந்தா.”

அம்மா மேல் மினுங்கிய வெள்ளியெல்லாம் வெடிமருந்துத் தூள். அது ஒட்டின சேலையும் பொறியும் ஒரு வாசலில் சந்திக்கக் கூடாது. அதற்காகத்தான் புறவாசல், அதற்காகத்தான் வாளி வாளியாகத் தண்ணீர், அதற்காகத்தான் அவர் கிணற்றுப் பக்கம் போனது. எல்லாம் அன்றைக்குத் தெருவில் தள்ளித் தள்ளி நின்று பேசிவைத்துக்கொண்டதுதான். எனக்கு யாரும் சொல்லவில்லை. பிற்பாடு நானே கலியாணம் முடிந்து பூச்சட்டி அடைக்கப் போய், முதல் நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் பீடியைக் காலில் தேய்த்து அணைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் தெருக்கோடிக்குப் போய் நின்றார். அப்போதுதான் எனக்கு வாசலில் நின்றபடியே அய்யா நினைப்பு வந்து, அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அன்றைக்கு எனக்கு என்ன தெரியும்? மழை பிடித்துக்கொண்டது. அம்மா புறவாசலில் கூரைக்கு வெளியே நின்று நனைந்தாள். உள்ளே வாம்மா என்று கூப்பிட்டும் வரவில்லை. வெள்ளியெல்லாம் கரைந்து காலடியில் ஓடியது. பிறகு குளித்து, சேலை மாற்றி, முதல் தடவையாக உள்வழியே வாசலுக்கு வந்தாள். அய்யா செத்த மோட்டார் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பெல்ட் பசை விட்டு, மண்ணெல்லாம் உதிர்ந்து, வெறும் துணியாகத் தொங்கியது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். கொடியில் கிடந்த காய்ந்த சேலை ஒன்றை எடுத்து உருளையைத் துடைத்தாள், ஸ்பிரிங்கைத் துடைத்தாள், திருகைத் துடைத்தாள்.

“மோட்டார் போச்சு” என்றார் அய்யா.

“போகட்டும். தொடச்சு வச்சா மத்தது ஆகும்.”

அய்யா தொங்கின பெல்ட்டை உருவிச் சுருட்டினார்.

“வுடுங்க. இன்னும் ஒரு சீசன் போயிட்டு வாரேன்.”

அய்யா அவள் கையைப் பார்த்தார். எவ்வளவு தேய்த்துக் குளித்தும் நகக்கண்ணில் வெள்ளி இருந்தது. முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். சாரல் அடிக்கிறது என்று நான் நினைத்தேன்.

எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். சுவர் மேல் எக்கி நின்று, “அத்த! எங்கய்யாவும் எங்கம்மாவும் பேசிட்டாக! எங்கம்மா காரியாபட்டிக்குப் போகல!” என்று கத்தினேன். எப்போதும் ஒன்றுக்கு ஒன்பதாகத் திருப்பிச் சொல்கிற அத்தை அன்றைக்கு வாயே திறக்கவில்லை. தோற்றுவிட்டாள் என்று எண்ணிக்கொண்டேன். ஒரு சீசன் என்றால் எத்தனை காலம் என்று எனக்குத் தெரியாது. சீசன் வந்தால் தீபாவளி வரும், அது தெரியும். அடுத்த சீசன் சீக்கிரமாக வரட்டும் சாமி என்று கைகூப்பிக் கும்பிட்டுவிட்டு, அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டேன். அம்மா என்னைத் தொட்டாள், அய்யா தொட்டார், இரண்டு பேருமே…

“அய்யய்யோ மதினி, குழாயில காத்து வருதா? தண்ணி வுட்டுட்டான்! போன வாட்டியே பாதியில நின்னு போச்சு. எந்திரிங்க, ஒங்க கொடத்தையும் கொண்டாங்க. ஏட்டி, மிஷின நிறுத்திட்டு அந்த டிரம்மத் தூக்கி வாட்டி!”